பிக்கப் வண்டியில் பின்பக்கக் கமான் பட்டை கீச்சிடுகிறதா? சத்தத்தைக் கண்டுபிடிப்பதிலிருந்து பட்டையைப் பிரித்துக் கட்டுவது வரை

பொலேரோ பிக்கப், டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த் என எந்தச் சின்ன லோடு வண்டியானாலும் கொஞ்சம் ஓடிய பிறகு பின்பக்கம் கீச்சிட ஆரம்பிக்கும். ஸ்பீட் பிரேக்கரில் ஏறினால் ஒரு கீச், இறங்கினால் ஒரு கிரீச். இதற்குப் பரவலாக நடக்கும் வைத்தியம் ஒன்றுதான்: வாட்டர் சர்வீஸ் முடிந்த கையோடு பழைய இன்ஜின் ஆயிலில் டீசலைக் கலந்து கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) முழுக்க அடித்துவிடுவது. சத்தம் அன்றைக்கே நின்றுவிடும், உண்மைதான். ஆனால் அந்த ஆயிலில் புழுதி ஒட்டி, பட்டைகளுக்கு நடுவே அரைக்கும் பசையாக மாறும். இணைப்புகளுக்குள் இருக்கும் ரப்பர் உறையான புஷ் ஆயிலில் ஊறி உப்பிப் பிளக்கும். வழிந்து பிரேக் டிரம்முக்குள் போனால் அந்தச் சக்கரம் சரியாகப் பிடிக்காது. சில நாளில் சத்தம் திரும்ப வரும்போது, வேலை ஒன்றுக்கு மூன்றாகியிருக்கும்.

பின்பக்கம் கீச்சிடும் இடங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பட்டைக்கு நல்லது ரப்பருக்குக் கெடுதல். அதனால் முதல் வேலை சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. கையில் எடுக்க வேண்டிய பொருள் அதன் பிறகுதான் தெரியும்.

## பட்டை ஏன் கத்துகிறது

கமான் கட்டில் மேலே மெயின் பட்டை. அதன் இரண்டு முனையும் வளையமாக வளைந்திருக்கும். முன் வளையம் சேசிஸில் நேரடியாக மாட்டியிருக்கும். பின் வளையம் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்பு வழியாகத் தொங்கும். பட்டை நிமிரும்போது நீளும், அந்த நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஷேக்கிள் முன்னும் பின்னும் ஆடுகிறது. மெயின் பட்டைக்குக் கீழே படிப்படியாக நீளம் குறைந்த பட்டைகள். எல்லாவற்றையும் நடுவில் ஒரு சென்டர் போல்ட் துளைத்துப் பிடிக்கிறது. இரண்டு யூ போல்ட்டுகள் ஆக்சிலோடு சேர்த்து இறுக்குகின்றன.

குட்டைப் பட்டை, தனக்கு மேலிருக்கும் பட்டையைவிடச் சற்று அதிகமாக வளைக்கப்பட்டிருக்கும். அடுக்கி வைத்தால் நுனிகள் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். சென்டர் போல்ட்டை முறுக்கினால்தான் அந்த இடைவெளி மூடும். ஆகவே காலி வண்டியிலும் ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேல் பட்டையை அழுத்திக்கொண்டே இருக்கிறது. வண்டி குலுங்கும்போது அந்த நுனி மேல் பட்டையின் அடியில் சில மில்லிமீட்டர் வழுக்கும். அங்கே துருவும் மணலும் இருந்தால் வழுக்காமல் ஒட்டும், பிறகு சட்டென விடும், மறுபடி ஒட்டும். அந்த ஒட்டலும் விடலும்தான் காதில் கீச்சாக விழுகிறது. சத்தத்தின் பெரும்பங்கு நுனியிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டருக்குள் பிறக்கிறது. நடுப்பகுதி யூ போல்ட்டின் பிடியில் அசையாமல் இருக்கும், அங்கே எதுவும் பூச வேண்டியதில்லை.

வண்டி எங்கே ஓடுகிறது என்பதும் கணக்கு. மீன் லோடு ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் நேராகப் பட்டை மேல் சொட்டும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் ஓடும் வண்டிக்கும் இதே கதி. இவற்றில் பட்டைகளுக்கு நடுவே துரு செதில் செதிலாக வளர்ந்து பட்டைகளையே பிரித்து நிறுத்தும். எம்-சாண்ட், ஜல்லி ஏற்றும் வண்டியில் துருவைவிடத் தூள்தான் எதிரி. இரண்டுக்கும் பராமரிப்பு வேறு.

பட்டைகளுக்கு நடுவே ஓரளவு உராய்வு தேவை. பள்ளத்தில் விழுந்து எழுந்த வண்டி தொடர்ந்து துள்ளாமல் அடங்க அந்த உராய்வும் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து உதவுகிறது. கீச்சு நிற்க வேண்டும், அவ்வளவுதான். பட்டையை எண்ணெயில் மிதக்கவிட வேண்டியதில்லை.

## சத்தம் எங்கே என்று கண்டுபிடிப்பது

முதலில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் பள்ளத்தில் மட்டும் வருகிறதா, சமமான ரோட்டில் மெதுவாக உருளும்போதும் "கீச் கீச் கீச்" என்று சக்கர வேகத்துக்கு ஏற்ப வருகிறதா? உருளும்போது வந்தால் அது பட்டை இல்லை. பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான ஜாயின்ட் கிராஸ் கிரீஸ் இல்லாமல் காய்ந்திருக்கலாம், அல்லது பிரேக் லைனிங் டிரம்மைத் தொடுகிறது. லேசாகப் பிரேக் மிதித்தால் சத்தம் மாறினால் பிரேக். மாறாவிட்டால் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள். காய்ந்த கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் கீழே விழும், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பள்ளத்தில் மட்டும் வந்தால் அடுத்த சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி முழுக்கக் காய்ந்திருக்கும் நாளாகப் பாருங்கள். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஒருவர் பின் பம்பரில் ஏறி நின்று குதிக்காமல் அழுத்தி அழுத்தி ஆட்ட வேண்டும். இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கேட்க வேண்டும். அடியில் நுழையக் கூடாது. ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு இடமாகக் காட்டினால் சத்தம் பிரிந்து கேட்கும். பட்டைகளுக்கு நடுவிலோ ஷேக்கிள் ஓரத்திலோ விரலை வைத்துவிடாதீர்கள்.

அதற்குப் பிறகு தண்ணீர்ச் சோதனை. வீட்டில் இருக்கும் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீர் போதும். ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் அடித்தால் பயனில்லை. இந்த வரிசையில், ஒவ்வொன்றுக்கும் இடையே பத்துப் பதினைந்து முறை ஆட்டிப் பாருங்கள்:

1. முன் வளையத்தின் புஷ்.
2. பின் வளையத்தின் புஷ்.
3. ஷேக்கிள் சேசிஸில் சேரும் மேல் புஷ்.
4. ஷாக் அப்சார்பரின் மேல், கீழ் ரப்பர்கள்.
5. கடைசியாகப் பட்டை நுனிகள், ஒவ்வொன்றாக.

எங்கே தண்ணீர் பட்டதும் சத்தம் அடங்குகிறதோ, குற்றவாளி அங்கே. பட்டையைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பட்டையில் அடிக்கும் தண்ணீர் புஷ் வரை வழியும், அதன் பிறகு எது அடங்கியது என்று சொல்ல முடியாது. ஒரு பக்கம் முடித்ததும் மறுபக்கம்.

தண்ணீர் அடித்தும் அடங்காவிட்டால் கமானை விட்டுவிட்டுச் சுற்றுப்புறம் பாருங்கள். லோடு பாடி சேசிஸ் மேல் உட்காரும் இடத்தில் ரப்பரோ மரக்கட்டையோ நைந்திருக்கலாம். பின் கதவின் கீல், சைலன்சர் தொங்கும் ரப்பர், ஹேண்ட் பிரேக் கேபிள் என்று சத்தம் போடக்கூடியவை பல.

லோடு ஏற்றினால் மட்டும் சத்தம் வருகிறது என்றால் கூடுதல் பாரத்துக்கென்று இருக்கும் ஹெல்ப்பர் பட்டையைச் சந்தேகப்படுங்கள். காலி வண்டியில் அது தொடாது. பாரம் ஏறி மெயின் கட்டு நிமிர்ந்த பிறகுதான் அதன் முனை தொடும் இடத்தில் உட்காரும்.

"டக்", "டங்" என்ற சத்தமானால் இந்த வழிகாட்டியின் பூசும் வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு நேராக யூ போல்ட், சென்டர் போல்ட், ஷேக்கிள் போல்ட் ஆகியவற்றைப் பாருங்கள். கீச்சு காதுக்குத் தொல்லை, இது உயிருக்குத் தொல்லை. யூ போல்ட் தளர்ந்தால் ஆக்சிலை இடம் பெயராமல் பிடிக்கும் பாரம் முழுவதும் சென்டர் போல்ட் மேல் விழும். அது அறுந்தால் ஒரு பக்கச் சக்கரம் பின்னே நகர்ந்து வண்டி கோணலாக ஓடும்.

## பட்டை உடைந்திருக்கிறதா

எதைப் பூசுவதற்கும் முன் இதைப் பார்த்தாக வேண்டும். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயர் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருப்பதை உறுதி செய்து, பின்சக்கர நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே லோடு பாடியின் கீழ் விளிம்பு வரை டேப்பில் அளந்து பாருங்கள். இரு பக்கத்துக்கும் 10 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தாழ்ந்த பக்கம் ஒரு பட்டை முறிந்திருக்கலாம், அல்லது தளர்ந்துபோயிருக்கலாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் யூ போல்ட்டின் ஓரத்திலும், சென்டர் போல்ட் துளையின் குறுக்கிலும், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப் இருக்கும் இடத்திலும் விழும். ஒரு பட்டையில் மட்டும் பட்டையின் குறுக்கே புதுத் துருக்கோடு ஓடினால் அது விரிசல்தான்.

முறிந்த பட்டையை வெல்டிங் வைக்கக் கூடாது. ஸ்பிரிங் எஃகுக்குப் பதம் ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும். வெல்டிங் நின்றாலும் அதன் பக்கத்தில் முறியும்.

## வண்டியைத் தூக்குவது

இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தில்தான் வேலை செய்கிறது. கியரில் போட்டாலும் அதுவும் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டியை நகராமல் பிடிக்க எதுவுமே இல்லை; முன்சக்கரங்கள் சும்மா உருளும். எனவே இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும், மொத்தம் நான்கு கட்டைகள். கான்கிரீட் தரையே நல்லது. மண் தரையானால் ஜாக்கிக்குக் கீழே தடித்த பலகை.

சக்கர நட்டுகளைத் தரையிலிருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்திவிடுங்கள். இரண்டு டன் தாங்கும் ஜாக்கியால் தூக்கி, சேசிஸ் கட்டைகளுக்கு அடியில், பட்டையின் முன் வளையத்துக்குச் சற்று முன்னால், இரண்டு ஸ்டாண்டுகள் வையுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது, சொல்லாமல் நொறுங்கும். சக்கரத்தைக் கழற்றிய பிறகு ஜாக்கியை ஆக்சிலுக்கு அடியில் கொண்டுவந்து மெல்ல இறக்குங்கள். ஆக்சில் ஷாக் அப்சார்பரின் நீளத்துக்குத் தொங்கி நிற்கும். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சிலையும் சேசிஸையும் இணைக்கும் மெல்லிய கம்பி ஒன்று சில வண்டிகளில் இருக்கும். லோடுக்கு ஏற்பப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி அது. அதை வளைத்துவிடாதீர்கள்.

## வாங்க வேண்டியவை

பிரிக்காமல் செய்யும் வேலைக்கு: கம்பி பிரஷ், ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் அல்லது டீகிரீசர், இரண்டு டயர் லீவர், தேக்கு போன்ற கெட்டி மரத்தில் சீவிய ஆப்பு நான்கு, 400 மில்லி அளவில் ஒரு கேன் உலர் படலமாகப் படியும் கிராஃபைட் அல்லது டெஃப்லான் ஸ்பிரே, ரப்பருக்கென்று தனியாக ஒரு சிலிக்கான் ஸ்பிரே, டிரம்மை மூட பிளாஸ்டிக் பை.

பிரித்துக் கட்டுவதற்குக் கூடுதலாக: 150 மில்லிமீட்டர் அல்லது பெரிய சி-கிளாம்ப் இரண்டு, புதிய சென்டர் போல்ட் இரண்டு, யூ போல்ட் நான்கு நட்டுகளோடு, 80 நம்பர் எமரி தாள், ஆங்கிள் கிரைண்டர், டார்க் ரென்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), கிராஃபைட் கிரீஸ். இரண்டு கட்டுக்கும் கால் கிலோ கிரீஸ் போதும்.

டபிள்யூடி-40 போன்ற ஸ்பிரேக்களைப் பற்றி ஒரு வார்த்தை. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அவை அருமை. பட்டைச் சத்தத்துக்கு அவை மருந்தல்ல. பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும், மிஞ்சும் மெல்லிய எண்ணெய் அந்த அழுத்தத்தில் நிற்காது. சாதாரண மஞ்சள் கிரீஸை வெளியிலிருந்து அப்புவதும் அப்படியே. உள்ளே போகாது, வெளியே நின்று மண்ணைச் சேர்க்கும்.

## பிரிக்காமல் சரிசெய்வது

சத்தம் பட்டை நுனியில் என்று உறுதியானால் முதலில் இதைச் செய்யுங்கள். பட்டை நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

1. பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெயாலும் பட்டையின் இரு ஓரங்களையும் நுனிகளையும் கழுவுங்கள். புஷ் மேல் மண்ணெண்ணெய் படாமல் துணி சுற்றிவிடுங்கள். பிறகு தண்ணீரால் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தின் மேல் ஸ்பிரே அடித்தால் படலம் பிடிக்காது. வெயிலில் இரண்டு மணி நேரம், கம்ப்ரசர் காற்று கிடைத்தால் பத்து நிமிடம்.
2. டிரம்மைப் பையால் மூடிக் கட்டுங்கள். சைலன்சர் ஆறியிருக்க வேண்டும். ஸ்பிரேயில் இருப்பது தீப்பற்றும் வாயு.
3. கிளிப்புகளின் போல்ட்டைக் கழற்றி அகற்றுங்கள். அவை இருக்கும்வரை நுனி திறக்காது.
4. மேல் பட்டைக்கும் கீழ்ப்பட்டை நுனிக்கும் நடுவே டயர் லீவரை நுழைத்து 2 அல்லது 3 மில்லிமீட்டர் திறந்து, மர ஆப்பைச் செருகுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம். வழுக்கினால் கண்ணுக்கு வரும்.
5. திறந்த சந்தில் பழைய ஹேக்ஸா பிளேடை விட்டுத் துருச் செதிலைச் சுரண்டி, காற்று ஊதி வெளியேற்றுங்கள். இந்தப் படியைத் தாவினால் மீதி வேலை வீண். துருவின் மேல் அடிக்கும் ஸ்பிரே துருவைத்தான் வழுவழுப்பாக்கும்.
6. ஸ்பிரே கேனின் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நுனியிலிருந்து 10 சென்டிமீட்டர் உள்வரை இரண்டு பக்கத்திலிருந்தும் அடியுங்கள். பத்து நிமிடம் காயவிட்டு இன்னொரு முறை.
7. ஆப்பை எடுத்து, கிளிப்பை மாட்டி, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள்.

கிளிப்பை மாட்டும்போது அதற்குள் ஒரு சின்னக் குழாய் ஸ்பேசர் இருக்கும், தொலைத்துவிடாதீர்கள். அது இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் கிளிப் பட்டையின் ஓரத்தைக் கவ்வும், பட்டை வழுக்க முடியாது, புதிதாக ஒரு சத்தம் பிறக்கும்.

சில கமான் கட்டுகளில் நுனியில் நைலான் அல்லது கெட்டி பிளாஸ்டிக் துண்டு வைத்தே வரும். பட்டையில் ஏற்கெனவே ஒரு துளை இருக்கும், துண்டின் குமிழ் அதில் உட்காரும். அது தேய்ந்து காணாமல் போயிருந்தால் புதிதாக வாங்கிப் போடுவதே சரியான தீர்வு, ஸ்பிரேயைவிட நெடுநாள் நிற்கும். பட்டையின் அகலத்தை அளந்துகொண்டு போய் வாங்குங்கள். துளை இல்லாத பட்டையில் டிரில் போட்டுத் துண்டை மாட்டலாமே என்று பட்டறையில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாரம் தாங்கும் பட்டையில் துளை போட்ட இடம் விரிசலுக்கு வாசல்.

## சத்தம் புஷ்ஷில் என்றால்

ஒரு பக்கத்துக்கு மூன்று இணைப்புகள்: முன் வளையம், பின் வளையம், ஷேக்கிளின் மேல் முனை. இரு பக்கமும் ஆறு. இரண்டு பாதியாக வரும் ரப்பர் புஷ் என்றால் 12 துண்டுகள் வேண்டும். இரும்புக் குழாயோடு ரப்பர் ஒட்டி வருவது என்றால் 6.

ரப்பர் நன்றாக இருந்து, காய்ந்து மட்டும் சத்தம் போட்டால் சிலிக்கான் ஸ்பிரே போதும். ரப்பரில் விரிசல், ஓரத்தில் பிதுங்கல், போல்ட் நடுவிலிருந்து விலகி ஒரு பக்கமாக அமர்ந்திருத்தல், இவற்றில் ஒன்றிருந்தாலும் மாற்றிவிடுங்கள். டயர் லீவரை வளையத்துக்கும் ஷேக்கிளுக்கும் நடுவே வைத்து நெம்பிப் பார்த்தால் தளர்ச்சி தெரியும்.

மாற்றுவதற்குப் பட்டையின் அந்த முனையை இறக்க வேண்டும். ஆக்சிலை ஜாக்கியால் தாங்கி, பட்டையில் இழுப்பு இல்லாத உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகு போல்ட்டைத் தட்டுங்கள். இழுப்பு இருக்கும்போது தட்டினால் போல்ட் வராது, வந்தால் பட்டை எகிறும். உள்ளே துருவேறி ஒட்டிக்கொண்ட போல்ட்டுக்குக் கேஸ் வெட்டும் டார்ச் பிடிப்பது நிறையப் பட்டறைகளில் நடக்கிறது. மெயின் பட்டையின் வளையத்தைச் சிவக்கக் காய்ச்சினால் வண்டியைத் தாங்கும் பட்டையே பதமிழக்கும். பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். அப்படியும் வராவிட்டால் ஷேக்கிளுக்கும் வளையத்துக்கும் நடுவே ஹேக்ஸாவால் போல்ட்டை அறுத்து எடுங்கள். போல்ட்டின் விலை பட்டையின் விலையோடு ஒப்பிட ஒன்றுமில்லை.

இரும்புக் குழாய் உள்ள புஷ்ஷை வெளியே தள்ள, வளையத்தைவிடப் பெரிய குழாய்த் துண்டு ஒரு பக்கம், புஷ்ஷைவிடச் சற்றுச் சிறிய துண்டு மறுபக்கம் வைத்து, நீளமான போல்ட்டால் இறுக்கி இழுக்கலாம். வளையத்தின் உள்பக்கத்தை எமரியால் துடைத்து, வெறும் ரப்பர் புஷ் என்றால் சோப்புத் தண்ணீர் தடவி நுழையுங்கள். கிரீஸ் வேண்டாம். பாலியூரித்தேன் புஷ் போட்டால் அதோடு வரும் சிலிக்கான் கிரீஸை உள்ளே தடவியே ஆக வேண்டும்; வெறுமனே போட்டால் ரப்பரைவிட மோசமாகக் கத்தும்.

போல்ட்டை இறுதியாக இறுக்கும் நேரம்தான் பலரும் தவறவிடுவது. ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால், குழாயோடு ஒட்டிய ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கிக்கொண்டே நிற்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுக்கும், விரைவில் கிழியும். நட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, நாலு முறை ஆட்டிவிட்டுப் பிறகு முழுக்க இறுக்குங்கள்.

பழைய ஜீப் வகை வண்டிகளில் ரப்பருக்குப் பதில் உலோகப் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் இருக்கும். அங்கே கிரீஸ் அடித்தாலே சத்தம் போகும், பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை அடியுங்கள். சேசிஸைத் தூக்கி, புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புப் பின்னின் மேல் பாரத்தைக் குறைத்துவிட்டு அடித்தால்தான் தேயும் பக்கத்துக்கும் கிரீஸ் போய்ச் சேரும். போகவில்லையென்றால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

## கமான் கட்டைப் பிரித்துக் கட்டுவது

துரு தடித்துப் பட்டைகள் விலகி நிற்கும் வண்டிக்கும், ஸ்பிரே அடித்து ஒரு மாதத்துக்குள் சத்தம் திரும்பிய வண்டிக்கும் இதுதான் வழி. ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கத்தைத் தொடுங்கள்; பிரிக்காத பக்கம் ஆக்சிலை இடத்தில் பிடித்திருக்கும், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மாதிரியாகவும் இருக்கும்.

ஆக்சிலைத் தனியாக ஜாக்கியில் தாங்கி, ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றி, யூ போல்ட்டுகளை அவிழ்த்து, இரு முனை போல்ட்டுகளையும் எடுத்துக் கட்டைக் கீழே இறக்குங்கள். கட்டு கனமானது, இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இறக்கியதும் எது முன்பக்கம் என்று சாக்பீஸில் குறியுங்கள். சென்டர் போல்ட் எல்லா வண்டியிலும் சரி நடுவில் இருக்காது, திருப்பிப் போட்டால் ஆக்சில் இடம் மாறும். பட்டைகளுக்கு மேலிருந்து வரிசை எண் போடுங்கள்.

இப்போது ஆபத்தான இடம். சென்டர் போல்ட்டுக்கு இரு பக்கமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே நட்டைத் தொடுங்கள். முன்பு சொன்ன அந்த வளைவு வித்தியாசத்தால் கட்டுக்குள் இறுக்கம் அடங்கியிருக்கிறது. கிளாம்ப் இல்லாமல் நட்டை எடுத்தால் பட்டை துள்ளும். நட்டை எடுத்த பின் இரண்டு கிளாம்ப்களையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள்.

ஒவ்வொரு பட்டையையும் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் துரு போகத் தேய்த்து, எமரியால் நீளவாக்கில் துடையுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் விரிசலைத் தொடங்கிவைக்கும். மேல் பட்டையின் அடியில், கீழ்ப்பட்டை நுனி உராய்ந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் தெரியும் அளவானால் விளிம்பை எமரியால் மழுக்கிவிடலாம். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குழிந்திருந்தால் அந்தப் பட்டையை மாற்றுங்கள். மறுபக்கக் கட்டிலும் அதே எண் பட்டையை மாற்றுவது நல்லது. கீழ்ப்பட்டை நுனியின் மேல் விளிம்பு கத்திபோல் கூராக இருந்தால் லேசாக உருட்டிவிடுங்கள். சூட்டில் நீலம் பாயும் அளவுக்குக் கிரைண்டரை அழுத்தாதீர்கள்.

கிராஃபைட் கிரீஸை மெல்லியதாக, உலோகம் நிழலாகத் தெரியும் அளவுக்கு, பட்டையின் வெளிப்பாதிகளில் பூசுங்கள். யூ போல்ட் பிடிக்கும் நடுப்பகுதியைத் துணியால் துடைத்துச் சுத்தமாக விடுங்கள். அங்கே தடித்த பெயின்ட்டும் கூடாது. அது ஓடி ஓடி நசுங்கும்போது யூ போல்ட்டின் இறுக்கம் தளரும். உப்புத் தண்ணீர் படும் வண்டிக்கு வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடியுங்கள். கல்குவாரி, எம்-சாண்ட் வண்டிக்குக் கிரீஸைவிட உலர் படலம் நல்லது, தூளை ஈர்க்காது.

கட்டும்போது நீளமான போல்ட் ஒன்றை வழிகாட்டியாகத் துளையில் விட்டு, கிளாம்ப்களால் மூடி, பிறகு புதிய சென்டர் போல்ட்டைப் போடுங்கள். போல்ட்டின் வலுவைக் குறிக்கும் தர எண் 8.8-ஆகவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், தலையின் அளவு பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆக்சில் மேலுள்ள குழியில் உட்கார்ந்து ஆக்சிலை நகராமல் நிறுத்துவது அந்தத் தலைதான். கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டை வெட்டிப் போடும் வழக்கம் இங்கே வேண்டாம்.

யூ போல்ட் நான்கு நட்டுகளையும் கைவாக்கில் ஏற்றி, குறுக்குக் குறுக்காக, மூன்று சுற்றில் படிப்படியாக இறுக்குங்கள். இறுக்க வேண்டிய அளவு வண்டிப் புத்தகத்தில் இருக்கும், அதுவே முடிவு. பொதுவாக 8.8 தரத்தில் 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 80 முதல் 100 நியூட்டன் மீட்டர், 14 மில்லிமீட்டருக்கு 130 முதல் 150 வரை இருக்கும். நான்கு முனையிலும் நட்டுக்கு வெளியே தெரியும் மரை ஏறக்குறைய ஒரே அளவாக இல்லாவிட்டால் ஏதோ கோணலாக அமர்ந்திருக்கிறது. அவிழ்த்து மறுபடி வையுங்கள். முறுக்கி நீண்டுவிட்ட பழைய யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கட்டிய பட்டைகள் ஓட ஓட அமரும், இறுக்கம் குறையும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஒரு முறை, 500 கிலோமீட்டரில் இன்னொரு முறை டார்க் ரென்ச் வைத்துப் பாருங்கள். நன்றாக நடந்த வேலை பின்னால் கெடுவதற்கு இந்த மறு இறுக்கத்தை விட்டுவிடுவதே முக்கியக் காரணம்.

## எக்ஸ்ட்ரா பட்டை போட்ட வண்டி

லோடு கூட ஏற்ற வேண்டும் என்று ஒரு பட்டையைச் சேர்த்த வண்டிகளில் கீச்சு தீராத நோயாக இருக்கும். சேர்த்த பட்டையின் வளைவு கட்டோடு பொருந்தாது. வளைவு கூடினால் நுனி மட்டும் மேல் பட்டையைக் குத்தும், குறைந்தால் நடுவில் மட்டும் தொட்டு நுனி காற்றில் ஆடி அடிக்கும். எந்த ஸ்பிரேயும் இதற்கு உதவாது. பட்டையை எடுத்துவிடுங்கள், அல்லது கமான் பட்டறையில் கொடுத்து மற்றப் பட்டைகளின் வளைவுக்கு ஏற்ப வளைத்துப் பதமேற்றி வாங்குங்கள். காய்ச்சாமல் பச்சையாகச் சுத்தியலால் அடித்து வளைத்தது சில லோடுகளில் பழையபடி நிமிரும்.

பின் பிரேக் அழுத்த வால்வு உள்ள வண்டியில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. பாரம் ஏறியதா என்பதை அந்த வால்வு வண்டி எவ்வளவு தாழ்ந்தது என்பதை வைத்தே அறிகிறது. எக்ஸ்ட்ரா பட்டை வண்டியைத் தாழவிடாது. முழு லோடு இருந்தும் காலி வண்டி என்று நினைத்து வால்வு பின்சக்கரத்துக்குக் குறைவான பிரேக்கைக் கொடுக்கும். மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு இதன் பொருள் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி.

## சத்தம் திரும்பி வந்தால்

இரண்டு மூன்று நாளிலேயே வந்தால் இடத்தைத் தவறாகக் கண்டுபிடித்திருக்கிறோம். தண்ணீர்ச் சோதனையை மறுபடி செய்யுங்கள். மழையில் சத்தம் நின்று, வெயிலில் மட்டும் வந்தால் பட்டைக்கு நடுவே துரு மிஞ்சியிருக்கிறது. அதிகாலைக் குளிரில் மட்டும் வந்து ஓடியதும் நின்றால் பெரும்பாலும் ரப்பர்தான். ஒரு பக்கம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பக்க ஷேக்கிளின் கோணத்தை மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். வளைந்த ஷேக்கிளும் கோணலாக வெல்டிங் வைத்த பிராக்கெட்டும் புதுப் புஷ்ஷைச் சில வாரத்தில் தின்றுவிடும்.

உலர் ஸ்பிரே அடித்த பட்டைக்கு மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை திரும்ப அடித்தால் போதும். உப்பில் ஓடும் வண்டிக்கு அது போதாது: லோடு இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் பட்டையைக் கழுவிவிடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை காயவைத்து ஸ்பிரே அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது உயர் அழுத்தத் தண்ணீரைப் பட்டைச் சந்தில் நேராகப் பாய்ச்ச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; உள்ளே பூசியதெல்லாம் அதில்தான் கழுவிப் போகிறது. சர்வீஸ் முடிந்ததும் ஆயில் அடிக்கவா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.